வம்சாவளியில் விடுபட்ட ஒரு பெயர்

பரம்பரையியல் படிப்பிக்கும் போதெல்லாம் விக்டோரியா மகாராணியின் குடும்ப வம்சாவளியைக் கரும்பலகையில் வரைவது என் வழக்கம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுள்ளவருக்கு உள்ளே நிழல். பிள்ளைகளும் ஆசையாகப் பார்த்து வரைந்து கொள்வார்கள். போன வருடம் ஒரு மாணவி எழும்பி, "டீச்சர், எங்கட குடும்பத்துக்கும் இப்படி வரையலாமா?" என்று கேட்டாள். நல்ல யோசனையாகப் பட்டது. மூன்று தலைமுறைக்கு வரைந்து வாருங்கள், யாருக்கு என்ன வருத்தம், எத்தனை வயதில் என்று கேட்டு எழுதுங்கள் என்று வீட்டு வேலையாகக் கொடுத்தேன். மறுநாள் வகுப்பில் பாதிப் பேரின் கொப்பி வெறுமையாக இருந்தது. காரணம் கேட்டால் ஒரே பதில்: "உம்மா எழுத வாணாம் எண்டாங்க டீச்சர்."

விக்டோரியா மகாராணியின் பேரன் ஒருவன் ஜன்னலால் விழுந்து குருதி நிற்காமல் இறந்தது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். தங்கள் மூத்த வாப்பா எதில் மௌத்தானார் என்பது தெரியாது.

அந்த உம்மாமாரைக் குறை சொல்ல நான் வரவில்லை. எங்கள் வீட்டு வம்சாவளியிலும் ஒரு சதுரம் இருபது வருடம் விடுபட்டிருந்தது. அதற்கு என் நானா கொடுத்த விலையை நான் கண்ணால் பார்த்தவள். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நானாவுக்கு ஒன்பது வயதில் வயிற்று நோவு தொடங்கியது. கலியாண வீட்டில் நெய்ச்சோறு சாப்பிட்ட இரவு என்று உம்மா சொல்வார். மேல் வயிற்றில் பிடித்து முதுகுக்குப் போகும் நோவு. முழங்காலை மடக்கி, நெஞ்சோடு தலையணையை அணைத்துக் குனிந்து கிடப்பார். இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும். பிறகு நாலைந்து மாதம் ஒன்றுமில்லை. முதலில் பூச்சி என்றார்கள். பிறகு கெஸ்டிக் என்றார்கள். பாடசாலையில் சோம்பேறி என்றார்கள். பரீட்சை நேரம் பார்த்து நோவு வருகிறதாம். ஓதிய தண்ணீரும் குடித்தார், சிவப்பு மருந்தும் குடித்தார், பிள்ளை மெலிந்துகொண்டே போனது. இப்படியே பதினாறு வருடம்.

2004ஆம் ஆண்டு, நானாவுக்கு இருபத்தைந்து வயதாக இருந்தபோது, நோவு தாங்காமல் ஒரு வைத்தியசாலையில் சேர்த்தோம். இரத்தத்தில் அமைலேசு அளவு பல மடங்கு கூடியிருந்தது. இளம் டொக்டர் ஒருவர் வந்து, நானாவைப் பார்க்காமல் வாப்பாவைப் பார்த்து, "பொனவாத?" என்று கேட்டார். குடிப்பாரா என்று. வாப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இல்லை என்றார். டொக்டர் நம்பவில்லை என்பது அவர் எழுதிய வேகத்திலேயே தெரிந்தது.

அந்தக் கேள்வி சரியான கேள்விதான். சதையி அழற்சிக்கு மதுபானம் உலகம் முழுவதும் பெரிய காரணங்களில் ஒன்று, பித்தப்பைக் கல் இன்னொன்று. கேட்க வேண்டியதைத்தான் அவர் கேட்டார். பதிலை நம்பியிருந்தால் அடுத்த காரணத்துக்குப் போயிருப்பார். அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

இரண்டாம் தடவை வேறொரு டொக்டர் வந்தார். வயதானவர், பொறுமைக்காரர். "குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வயிற்று நோவு, இளவயதில் சீனி வருத்தம் இருந்ததா?" என்று கேட்டார். வாப்பா அதற்கும் இல்லை என்றார்.

அது பொய். வாப்பா தெரிந்து சொன்ன பொய் என்றும் சொல்ல முடியாது. எனக்கு ஒரு சாச்சா இருந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, 1984இல், முப்பத்திரண்டு வயதில் மௌத்தானார். அவருடைய படம் வீட்டில் இல்லை. பெயரை யாரும் எடுப்பதில்லை. அவருக்கும் சின்ன வயதிலிருந்து வயிற்று நோவு, பிறகு சீனி, கடைசியில் எலும்பும் தோலுமாய்ப் போய் மௌத்து. ஊரில் ஒரு கதை கட்டினார்கள்: பஸார்க் கடையில் வேலை செய்தவன், ஒளித்துக் குடித்திருக்கிறான், ஈரல் போய்விட்டது என்று. வாப்பாவும் அதை நம்பிவிட்டார். குடித்துச் செத்தவனை எப்படி "குடும்ப வருத்தம்" என்று டொக்டரிடம் சொல்வது? மகனுடைய கட்டிலருகே நின்றபோது தம்பியின் நினைவு அவருக்கு வராமல் இருந்திருக்காது. ஆனால் வாயில் வந்தது "இல்லை" என்பதுதான்.

விஷயம் வெளியே வந்தது வாப்பும்மாவால். நானாவைப் பார்க்க வந்தவர் வாட்டிலே வைத்து, "தம்பிக்கும் இப்படித்தானே குனிஞ்சி கெடப்பான்" என்று அழுதார். வாப்பா அவரை அடக்கப் பார்த்தார். வாப்பும்மா விடவில்லை. "என்ட புள்ளட வாயில ஒரு துளி பட்டதில்ல. ஊரு சொல்லிச்சி, நீயும் நம்பின" என்றார். இருபது வருடமாக அந்த மனுஷி இதை யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்திருக்கிறார். அன்று மாலை அந்த வயதான டொக்டரைத் தேடிப் போய் நான்தான் சொன்னேன். அவர் உடனே ஸ்கேன் எழுதினார். நானாவின் சதையிக் கானுக்குள் கற்கள். குருதியில் சீனியும் ஏற்கெனவே கூடியிருந்தது.

இனி நோயைப் பற்றிச் சொல்கிறேன். நமது பாடப் புத்தகத்தில் சதையி என்றும் தமிழ்நாட்டில் கணையம் என்றும் சொல்லப்படும் உறுப்பு இரைப்பைக்குப் பின்னால் கிடக்கிறது, நீளம் ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர். அதற்கு இரண்டு வேலை. ஒன்று, இன்சுலின் போன்ற ஓமோன்களைக் குருதிக்குள் விடுவது. மற்றது, உணவைச் சமிக்கச் செய்யும் நொதியங்களைச் சிறுகுடலுக்கு அனுப்புவது. இந்த நொதியங்களுள் திரிப்சின் என்பது புரதத்தை வெட்டுகிற கத்தி. கத்தியை உறையில் போட்டுத்தான் சதையி அனுப்பும். உறையோடு இருக்கும்போது அதற்குத் திரிப்சினோஜன் என்று பெயர். சிறுகுடலில் போய்த்தான் உறை கழல வேண்டும். தப்பித் தவறிச் சதையிக்குள்ளேயே கொஞ்சம் கழன்றால் அதை மடக்க இரண்டு காவல் உண்டு: திரிப்சின் தன்னைத்தானே வெட்டி அழித்துக்கொள்ளும் ஓர் இடம், திரிப்சினைப் பிடித்துக் கட்டும் ஒரு சிறிய புரதம். இந்தக் காவல்களில் ஒன்று பிறப்பிலேயே பழுதானால், சதையி தன்னையே சமித்துத் தின்னத் தொடங்கும். அந்த நோவுதான் நானாவின் நோவு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் திசு தழும்பாகிப் போகும். கான் சுருங்கும், கல் கட்டும். கடைசியில் நொதியமும் இல்லை, இன்சுலினும் போதாது.

இந்த நோய் குடும்பத்தோடு வருவதை 1952இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த கொம்ஃபோர்ட்டும் ஸ்டைன்பேர்க்கும் ஒரு குடும்பத்தை வைத்து எழுதினார்கள். முதற் காவலின் பழுது, அதாவது ஏழாம் நிறமூர்த்தத்திலுள்ள திரிப்சினோஜன் பரம்பரையலகின் விகாரம், 1996இல் கண்டுபிடிக்கப்பட்டது. இது ஆட்சியான இயல்பு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. கிடைத்தவர்களிலும் ஏறக்குறைய 80 வீதமானோருக்கே நோய் வெளிப்படும். இரண்டாம் காவலின் பழுது 2000ஆம் ஆண்டில் தெரியவந்தது. இது வேறு மாதிரி. ஒரு பிரதி மட்டும் பழுதான எத்தனையோ பேர் ஒரு நோவும் இல்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதியே கிடைத்தால் ஆபத்து பல மடங்கு கூடுகிறது.

நம் பகுதிக்கு இந்த இரண்டாவதுதான் முக்கியம். கேரளத்தில் டொக்டர் கீவர்கீஸ் 1960களிலிருந்து நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்து எழுதினார். ஏழைகள், இளம் வயதினர், மதுவைத் தொடாதவர்கள். சின்ன வயதில் வயிற்று நோவு, வாலிபத்தில் நீரிழிவு, நல்ல வயதில் மரணம் என்று அவர் கண்ட வரிசை எங்கள் சாச்சாவின் வாழ்க்கைக் குறிப்பு மாதிரியே இருக்கிறது. சென்னையிலும் இதே நோய் ஏராளமாக ஆராயப்பட்டது. கேரளத்து ஏழைகளின் சாப்பாடு மரவள்ளிக்கிழங்கு என்பதால் முதலில் பழி அதன் மேல் விழுந்தது, அதிலுள்ள சயனைட்டுச் சேர்வை காரணமென்று. ஆனால் மரவள்ளியே சாப்பிடாத இடங்களிலும் இந்த நோயாளிகள் இருந்தார்கள். மரவள்ளியே உணவாக உள்ள நாடுகள் பலவற்றில் அவ்வளவாக இல்லை. 2002இல் ஹைதராபாத் ஆய்வாளர்கள் பார்த்தபோது, இந்த நோயாளிகள் பலரிடம் அந்த இரண்டாம் காவலின் பரம்பரையலகில் விகாரம் இருந்தது, முதற் காவலில் இல்லை. (மரவள்ளியோடு இஞ்சி சேரக்கூடாது என்று ஊவாவில் எந்த வீட்டிலும் சொல்வார்கள். அதை நான் இங்கே தொடவில்லை, உம்மா இந்தச் சஞ்சிகை வாசிப்பார்.)

எங்கள் வாப்பாவும் உம்மாவும் மாமி மகன், மாமா மகள். மச்சான் மச்சி கட்டுவது நம் சமூகத்திலும் தோட்டப்புறத்திலும் வழக்கம். அதனால் எல்லாக் குடும்பத்துக்கும் நோய் வரும் என்று சொல்வது மடமை. ஆனால் சொந்த மச்சான் மச்சி தங்கள் பரம்பரையலகுகளில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். ஒரு பழுது அந்தக் குடும்பத்தில் இருந்தால் அதன் இரு பிரதிகளும் ஒரு பிள்ளையில் சேர வாய்ப்புக் கூடும். நானாவுக்குப் பரம்பரையலகுப் பரிசோதனை செய்யவில்லை, ஆகவே எங்கள் வீட்டில் நடந்தது இதுதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சொந்தத்தில் கலியாணம் பேசும் வீட்டில் இரு பக்கத்தாரும் வருத்தக் கதையை மறைப்பது இரட்டிப்பு ஆபத்து என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

நானாவின் அடுத்த கட்டிலில் நமுனுகுலைப் பக்கத் தோட்டத்துப் பையன் ஒருவன் இருந்தான், பதினாலு வயது. அவனுடைய அம்மா கொழுந்து எடுப்பவர். பிள்ளையோடு வாட்டில் நிற்கும் ஒவ்வொரு நாளும் அவருக்குப் பேர் விழாது, சம்பளமில்லை. அவரையும் அதே கேள்விதான் கேட்டார்கள், தகப்பனைப் பற்றி. தகப்பன் குடிப்பவர்தான், அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் பதினாலு வயதுப் பையனின் சதையிக்கும் தகப்பனின் கசிப்புக்கும் என்ன சம்பந்தம்? "தோட்டத்து ஆள்" என்றதும் விடை கிடைத்துவிட்டதாக ஒரு நினைப்பு. அந்த அம்மா ஓர் இரவு என் உம்மாவிடம் சொன்னார்: "எங்க வீட்டுக்காரரோட அண்ணனும் இப்படித்தாங்க, சின்னப் புள்ளையில இருந்து வயித்தப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தவரு. கல்யாணங்கூடக் கட்டல." அதை டொக்டரிடம் சொன்னீர்களா என்று உம்மா கேட்டார். "அவுங்க கேக்கலையே அக்கா" என்றார். எங்களிடம் கேட்டார்கள், நாங்கள் சொல்லவில்லை. அவரிடம் கேட்கவே இல்லை. பிறகு அந்தப் பையன் என்ன ஆனான் என்று தெரியாது. அவர்கள் துண்டு வெட்டிக்கொண்டு போன அன்று நான் அங்கு இல்லை.

நோய் தெரிந்த பிறகும் எங்கள் வீட்டில் மறைப்பு ஓயவில்லை. நானாவுக்கு நொதிய மாத்திரை எழுதினார்கள், ஒவ்வொரு சாப்பாட்டோடும் விழுங்க வேண்டும். மூன்று மாதத்தில் உடம்பு தேறியது. பிறகு மருந்துக் கடையில் யாரோ சொல்லி உம்மாவுக்குத் தெரிய வந்தது, அந்த நொதியம் பன்றியின் சதையியிலிருந்து எடுக்கப்படுவது என்று. உண்மைதான், உலகில் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். உம்மா ஒருவரிடமும் சொல்லாமல் போத்தலை எறிந்துவிட்டார். நானாவும் கிளினிக்கில் "குடிக்கிறேன்" என்றே சொல்லி வந்தார். கழிப்பது எண்ணெய்ப் பசையாய், தண்ணீரில் மிதந்து, நாற்றமெடுத்துப் போகத் தொடங்கியது. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் கொழுப்புச் சமிக்கவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம், பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். நானாவின் நிறை மறுபடி இறங்கியது. கடைசியில் வாப்பாவே பள்ளிவாசல் மௌலவியிடம் போய் ஒளிக்காமல் கேட்டார். அவர் இரண்டு கேள்விதான் கேட்டார்: வேறு மாற்று மருந்து உண்டா, இது இல்லாவிட்டால் உயிருக்கோ உடம்புக்கோ கேடா? நம்பகமான வைத்தியரிடம் விசாரித்து வரச் சொன்னார். விசாரித்து வந்த பிறகு, நிர்ப்பந்த நிலையில் ஆகும், உயிரைக் காப்பதும் கடமை என்றார். உம்மா அன்றிரவு தன் கையாலேயே மாத்திரையைக் கொடுத்தார். முதலிலேயே யாராவது உட்கார்த்தி வைத்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தால் அந்த ஏழு மாதம் வீணாகியிருக்காது.

நானாவுக்கு இப்போது நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. நோவு முழுதாக விடவில்லை. ஆனால் வாழத் தெரிந்துகொண்டார். ஒரேயடியாக வயிறு நிரம்பச் சாப்பிடுவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து ஆறு வேளை. மாத்திரை முதல் கவளத்தோடு ஒன்று, நடுவில் ஒன்று. சாப்பிட்டு முடித்துப் பாயைச் சுருட்டிய பிறகு போட்டுப் பிரயோசனமில்லை. இன்சுலின் ஊசியும் உண்டு. இந்த வகை நீரிழிவில் சீனி திடீரெனக் கீழே இறங்குவதும் பயம், ஏனென்றால் சீனியை ஏற்றுகிற ஓமோனும் அதே சதையியில்தான் இருக்கிறது. அதனால் சட்டைப் பையில் எப்போதும் இனிப்பு வைத்திருப்பார். டொக்டர் சொல்லை மதித்து ரமழானில் நோன்பு பிடிப்பதில்லை, ஃபித்யா கொடுக்கிறார். ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு முன்பெல்லாம் ஏதோ சாக்குச் சொல்வார், இப்போது நோயின் பெயரைச் சொல்கிறார். கொழுப்பில் கரையும் விற்றமின்களும் எலும்பும் குறைந்துவிடாமல் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய நோவு, விடாத வாந்தி, காய்ச்சல் என்றால் வீட்டில் வைத்துப் பார்ப்பதில்லை, நேரே பெரியாஸ்பத்திரி.

சிகரெட்டைத்தான் அவர் கடைசியாக விட்டார். குடியைப் பற்றிக் கேட்ட ஊர் சிகரெட்டைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. பரம்பரைச் சதையி அழற்சி உள்ளவர்களுக்குச் சதையிப் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு. புகைப்பவர்களுக்கு அது ஏறக்குறைய 20 வருடம் முந்தி வருகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். நம் வாப்பாமார், நானாமார் கடை வாசலில் நின்று இழுக்கும் சிகரெட்டை யாரும் பாவமாக எண்ணுவதில்லை, அதனால் பேச்சிலும் வருவதில்லை.

எனக்குக் கலியாணம் பேசும்போது இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். உம்மா அழுதார். "பொம்புளப் புள்ள, சொன்னா யாரு கட்டுவா?" உம்மாவின் பயம் பொய்யில்லை. முதலில் வந்த மாப்பிள்ளை வீட்டார் கேட்டுவிட்டு, தேநீரைக் குடித்துவிட்டு, பிறகு வரவேயில்லை. ஒரு வருடம் வேறு யாரும் வரவுமில்லை. சொல்வதால் நஷ்டமே இல்லை என்று மாணவிகளுக்குப் பொய் சொல்ல மாட்டேன். அந்த நஷ்டம் பெரும்பாலும் பெண் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது என்பதும் எனக்குத் தெரியும். நானாவின் கலியாணத்தில் அவருடைய நோயைப் பற்றி ஒருவரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அப்படியிருந்தும் சொல்லத்தான் வேண்டும் என்கிறேன். மறைத்துக் கட்டிய வீட்டில் ஒரு பிள்ளை குனிந்து கிடக்கும்போது, அந்தத் தாய் டொக்டரிடம் "எங்கள் குடும்பத்தில் இல்லை" என்றுதான் சொல்லுவாள். என் வாப்பா சொன்னது போல.

பெற்றோரிடம் நான் கேட்பது செலவில்லாத காரியம். ஒரு கொப்பித் தாள் எடுங்கள். இரண்டு பக்கத்திலும் மூன்று தலைமுறை. யாருக்குச் சின்ன வயதில் திரும்பத் திரும்ப வயிற்று நோவு வந்தது, யாருக்கு முப்பதுக்கு முன் சீனி வந்தது, யார் காரணம் தெரியாமல் மெலிந்து போனார்கள், என்ன வயதில். "ஊர் சொன்ன காரணம்" என்று இருந்தால் அதையும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். வாப்பும்மாமார் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அந்தத் தாளைக் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வையுங்கள். டொக்டர் கேட்காவிட்டாலும் நீட்டுங்கள்.

நானாவின் மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. போன மாதம் அவளுக்கு மேல் வயிற்றில் நோவு வந்தது. பூச்சியாகவும் இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம். ஆனால் இந்தத் தடவை மூன்றாம் நாளே அமைலேசு பார்த்தோம், ஸ்கேனுக்குத் திகதி எடுத்திருக்கிறோம். கொண்டுபோகும் தாளை அவளே வரைந்தாள். சாச்சாவின் சதுரத்துக்கு நிழல் போட்டு, கீழே அவருடைய பெயரை எழுதினாள். வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பெயரில் ஓர் எழுத்துப் பிழை என்று சொல்லி, பேனையை வாங்கித் திருத்திக் கொடுத்தார்.